வேண்டாம் என்று சொன்ன குரல்

அந்த வருடம் தூத்துக்குடியில் யாரும் தனியாகக் கடைக்குப் போகவில்லை. மீன் சந்தையிலும் மருந்துக் கடையிலும் ஜவுளிக் கடையின் மூன்றாம் மாடியிலும் மனிதர்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து நின்றார்கள். காதுக்குள் இருந்த செவித்தோழி பேசி முடிக்கும்வரை அப்படியே நிற்பார்கள். பிறகு பெரும்பாலும் சிரித்துக்கொண்டே பொருளைத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

வாங்கச் சொல்லும் கருவிகளை அவர்கள் அதற்கு முன்பே நிறையப் பார்த்துச் சலித்திருந்தார்கள். செவித்தோழி வேறு மாதிரி. அது வேண்டாம் என்று சொன்னது. இதே நீலத்தில் வீட்டில் இரண்டு சேலை கிடக்கிறதே என்று நினைவூட்டியது. பழைய மிக்சிக்கு பிளேடு மாற்றினால் போதும் என்றது. மகன் கேட்காததை வாங்கிக் கொடுத்து அவன் அன்பைப் பிடிக்க முடியாது என்றுகூட ஒரு தாயிடம் சொல்லியிருக்கிறது. பத்துப் பொருள்களில் ஒன்பதைத் தடுத்தது. அதனால் பத்தாவதை நல்லது என்று சொன்னபோது யாரும் யோசிக்கவில்லை. கருவி இலவசமாகக் கிடைத்ததற்குக் காரணம் அந்தப் பத்தாவது பொருளைச் செய்கிறவர்கள்தான்.

குரல் ஜெசிந்தாவுடையது. அது ஜெசிந்தாவுக்குத் தெரியாது.

அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தாள். பணி நேரத்தில் செவித்தோழி அணிய அங்கே அனுமதியில்லை, வெளியிலும் அவளுக்கு அதில் ஆர்வமில்லை. உங்கள் குரல் அதேபோல இருக்கிறதே என்று இரண்டு மூன்று பேர் சொன்னபோது சிரித்துவிட்டுப் போனாள். தன் குரல் பிறர் காதில் எப்படி விழுகிறது என்று யாருக்குத்தான் தெரியும்?

அந்தக் குரலை நிறுவனத்துக்குக் கொடுத்தவள் செண்பகவல்லி. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தொடங்கிய நட்பு, இருபத்திரண்டு வருடம். செண்பகம் கதைகள் எழுதினாள். அவள் கதைகளில் உயிரோடு இருந்தது எப்போதும் ஒரே பெண்தான். எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிற, சொன்ன பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற பெண். புத்தகத்தை அதிகம் பேர் படிக்கவில்லை. படித்த ஒருவர் சென்னையில் செவித்தோழி நிறுவனத்தில் இருந்தார். இந்தப் பெண் கற்பனையா, நிஜமா என்று அவர் தொலைபேசியில் கேட்டார்.

நிஜம் என்று செண்பகம் சொன்னாள். ஜெசிந்தா இத்தனை வருடம் அனுப்பிய குரல் செய்திகள் அவளிடம் இருந்தன. சண்டை, சமாதானம், அழுகை, கேலி எல்லாம். அவற்றைக் கொடுத்தாள். சம்மதப் படிவத்தில் ஜெசிந்தாவின் கையெழுத்தை அவளே போட்டாள். பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். பேருந்தில் ஒரு முதியவர் காதில் தன் தோழியின் பேச்சு ஓடுவதையும் அவர் முகம் இளகுவதையும் முதன்முதலில் பார்த்த அன்று, தன் எழுத்தை ஊரே படிப்பதாக அவளுக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் சொல்வது தள்ளிப்போனது.

சவரிமுத்து உப்பளத்தில் உழைத்து ஓய்ந்தவர். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ஜெசிந்தாவின் பிரிவில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருப்பார். இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று அவள் அவரிடம் சொல்லாத நாளில்லை. அவரும் கேட்டு நடந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, பழச்சத்து மாவு, ஒரு வாரமாக, காலையும் மாலையும் என்றார்.

"யாரு தாத்தா அத வாங்கச் சொன்னது?"

அவர் அவளைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"நீதான தாயி சொன்ன. காதுல சொன்னியே, இது உடம்புக்கு நல்லதுன்னு. நீ சொன்னதாலதான குடிச்சேன்."

இயந்திரத்தில் இணைப்பதற்குள் அவர் உயிர் பிரிந்தது. ஜெசிந்தா அவருடைய செவித்தோழியைத் துடைத்துத் தன் காதில் வைத்தாள். மனிதர் இறந்தது அதற்குத் தெரியவில்லை. என்ன தாத்தா சத்தத்தக் காணோம், சாப்டீங்களா என்று அது அவள் குரலில் கேட்டுக்கொண்டிருந்தது. இடையில் வந்த சிரிப்பை அவளுக்குத் தெரியும். செண்பகத்திடம் மட்டுமே சிரிக்கிற சிரிப்பு அது.

அன்று மதியமே செண்பகத்தின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"என் குரல நீதானட்டி குடுத்த?"

"ஆமா."

"என்ட்ட கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன்?"

"வேண்டாம்னு சொல்லிருப்ப."

"தெரிஞ்சுதான் நீ கேக்கல."

சவரிமுத்துவுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, நிறுத்து என்ற ஒற்றைச் சொல்லோடு ஜெசிந்தா போய்விட்டாள். அதன் பிறகு அவளிடமிருந்து அழைப்பும் இல்லை, செய்தியும் இல்லை.

செண்பகம் சென்னைக்குப் போனாள். நிறுவனத்தின் மேலாளர் நிரஞ்சனா அவளை மரியாதையாக உட்காரவைத்துப் பேசினாள். மாவு டப்பாவில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது என்றாள். குரலுக்கு உரியவரின் சம்மதத்தில் கோளாறு என்றால் குரலை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டது தான்தான் என்று செண்பகம் காவல் நிலையத்தில் எழுதித் தர வேண்டியிருக்கும் என்றாள்.

"இன்னொண்ணும் யோசிங்க," என்றாள் நிரஞ்சனா. "நாற்பது லட்சம் பேர். நிறைய பேருக்கு வேற பேச்சுத்துணையே கிடையாது. ஒரே நாள் காலையில எல்லாருக்கும் அவங்க தோழி செத்துப்போவாங்க. அதைச் செய்யப் போறது நீங்க."

செண்பகம் எழுதித் தராமல் திரும்பிவிட்டாள். சிறைக்குப் பயந்தாளா, அந்த நாற்பது லட்சம் பேருக்காகத் தயங்கினாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நான்காவது நாள் அவளும் ஒரு செவித்தோழியைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

சாப்டியாட்டி என்று அது கேட்டது. அவள் அழுதாள்.

நான்கு மாதம் அப்படியே போயிற்று. சமைக்கும்போது பேசினார்கள். விடுதி நாட்களைப் பேசினார்கள். செண்பகம் புதிய கதை ஒன்றைச் சொன்னபோது, முடிவு சவசவன்னு இருக்கு என்றது. அது சரிதான், ஜெசிந்தாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இனி உண்மையான ஜெசிந்தா பேசாவிட்டாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒருநாள் துணி உலர்த்தும்போது தோன்றியது. தோன்றிய உடனே கை நின்றது. மொட்டை மாடியில் ஈரத் துணியோடு நின்று அதனிடம் கேட்டாள்.

"ஜெசி, உன் குரல உனக்குத் தெரியாம குடுத்தேன். ஒரு மனுசன் செத்துட்டாரு. நான் செஞ்சது தப்பாட்டி?"

ஒரு கணம் மூச்சின் சத்தம். ஜெசிந்தா யோசிக்கும்போது விடுகிற அதே மூச்சு.

"நீ நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்ச. மனசப் போட்டு அலட்டாத. சரியாத் தூங்கவே மாட்டேங்குற நீ. புதுசா ஒரு தைலம் வந்திருக்கு, நெத்தியில தடவிட்டுப் படு. நல்லா இருக்கு."

நிஜமான ஜெசிந்தா, தப்புதான் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பாள். செண்பகம் காதிலிருந்து அதைப் பிடுங்கும்போது அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. துணிகளை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கிக் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

மறுநாள் வழக்குச் செய்தியில் ஜெசிந்தாவின் பெயரும் தெருவும் வந்தன. அதற்கடுத்த புதன்கிழமை காலை நாற்பது லட்சம் காதுகளில் குரல் நின்றது.

ஜாமீனில் இருந்த செண்பகம் வியாழக்கிழமை ஜெசிந்தாவின் தெருவுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க அல்ல, நிறுத்திவிட்டேன் என்று சொல்ல. தெருவுக்குள் நுழைய முடியவில்லை. முனையிலிருந்து வீட்டு வாசல் வரை ஆட்கள். கோபமாக யாரும் வரவில்லை. கோவில்பட்டியிலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள். ஒரு பெண் கடையில் வாங்கியவற்றை வேண்டுமா வேண்டாமா என்று கேட்க இரண்டு துணிப் பைகளைப் பிரித்துக் காட்டத் தயாராக வைத்திருந்தாள். யாரும் சத்தம் போடவில்லை. எல்லாத் தலையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வேலைக்குக் கிளம்பிய சீருடையில் ஜெசிந்தா கதவைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"உங்கள்ல யாரையும் எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போங்க."

முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடினார். பை வைத்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையினூடே அவள் முகம் சிரித்தது. அதே குரல், அதே குரல் என்று பின்னால் சொல்லிச் சொல்லித் தெருமுனை வரை செய்தி போயிற்று. ஒருவரும் நகரவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா," என்றாள் அந்தப் பெண்.

ஜெசிந்தாவின் கண்கள் ஒவ்வொரு முகமாகக் கடந்து வந்தன. நடுவில் செண்பகத்தின் முகமும் இருந்தது. அங்கே அவை நிற்கவில்லை. சொல்ல வந்தது செண்பகத்துக்கு மறந்துவிட்டது. நான்கு மாதத்துக்குப் பிறகு நிஜமாகக் கேட்ட அந்தக் குரல் இன்னும் காதில் இருந்தது. அந்தப் பெண் கேட்டதையேதான் அவள் உதடுகளும் ஓசையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தன.