உச்சி வெயிலில் ஓய்ந்த பெட்டி

"என்னைக் கொலைகாரின்னு சொல்றாங்க மேடம். கொலைகாரி!"

தையல் கடை நடத்தும் அந்தப் பெண் உட்காரக்கூட இல்லை. தீ விபத்து, மின்கசிவு என்றால் காரணத்தை விசாரித்துச் சொல்லும் தொழில் செய்யும் அக்கா, பதறாமல் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு அக்காவின் பின்னால் ஓடுவதையே வாடிக்கையாக்கிக்கொண்ட தம்பிக்குத்தான் அதற்குள் ரத்தம் கொதித்தது.

தையல் கடைப் பெண்ணின் தெருவில் எல்லா வீட்டுக் கூரையிலும் சோலார் தகடு உண்டு. வீட்டுக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தைச் சுவரில் உள்ள ஒரு பெட்டி தெருக் கம்பிக்குத் தள்ளிவிடும். கடைசியாகத் தகடு மாட்டியவள் இவள். அதன் பிறகு தெருவில் பல்புகள் பட் பட்டென்று போயின. போன வாரம் ஒரு மதியம், பக்கத்து வீட்டு டீச்சரின் அப்பாவுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த மெஷின் வோல்டேஜ் எகிறிக் கருகிப்போனது. பெரியவர் இப்போது ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருக்கிறார். தெருச் சங்கம் கூடி, இவள் தகடுகளைக் கழற்ற வேண்டும் என்று கை தூக்கிவிட்டது; டீச்சரும்தான்.

"உச்சி வெயில் வந்தா என் பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுட்டு நின்னுடுது மேடம். அன்னைக்கும் நின்னுது. நின்னு கிடக்கிற பெட்டி எப்படி அடுத்த வீட்டு மெஷினை எரிக்கும்? மின்வாரிய ஆபீஸ்ல மூணு தடவை சொல்லிட்டேன். ஒருத்தன் எட்டிப் பாக்கல!"

மறுநாள் மதியம் தெருவில் நல்ல வெயில். ஆனால் நிழலில் நின்றால் பல் கிட்டும் குளிர். தையல் கடைப் பெட்டியில் அக்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சிவப்பு விளக்கு. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எதிர்வரிசை, எல்லாவற்றிலும் சிவப்பு.

தெருக்கோடி வீடு சங்கத் தலைவருடையது. பின்பக்கக் கூரையில் தூசு படியாத புதுத் தகடுகள் ஒரு வரிசை பளபளத்தன. வெயில் எட்டிப் பார்க்காத போர்ட்டிகோவில் பெட்டி இருந்தது. விளக்கின் மேல் கறுப்பு டேப்.

"ராத்திரி கண்ணைக் கூசுதுன்னு ஒட்டினேன். என் பெட்டியும்தாங்க மதியமானா நின்னுடுது. எல்லாம் அந்தம்மா கைங்கரியம்" என்றார் தலைவர்.

அவர் மனைவி வந்து பெட்டியின் மேலிருந்த சாக்ஸ்களைத் திருப்பிப் போட்டாள். "இந்தக் குளிர்ல வேற எங்கயும் துணி காய மாட்டேங்குது. மதியம் இதுமேல போட்டா மொறுமொறுன்னு ஆயிடுது."

அக்கா சிரித்துவிட்டு வெளியே வந்தாள். "தம்பி, நாளைக்கு மதியம் எல்லாரையும் இங்கயே வரச் சொல்லு. மின்வாரிய இன்ஜினீயரையும். வோல்டேஜ் பாக்கற மீட்டரோட."

கூட்டம் கூடியது. இன்ஜினீயரின் மீட்டர், இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமாகக் காட்டியது.

"முதல்ல தையல் கடைப் பெட்டியை அணைங்க" என்றாள் அக்கா. அணைத்தார்கள். மீட்டர் அசையவில்லை.

"அசையாது. அது ஏற்கெனவே நின்னாச்சு. மதியம் எல்லா வீடும் ஒரே கம்பியில கரண்டைத் தள்ளுது, வாங்கிக்க ஆளில்ல, வோல்டேஜ் ஏறுது. ஒரு அளவைத் தாண்டினா பெட்டி தானே நிக்கணும். அதுக்குத்தான் உள்ளே ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. தெருவுல எல்லாப் பெட்டியும் ஒழுங்கா நின்னுது. நின்னும் வோல்டேஜ் இறங்கலன்னா, நிக்காத பெட்டி ஒண்ணு இருக்கணும். வேலை செய்யாத பெட்டி சூடாகாது தலைவரே. நிழல்ல நின்னுபோன பெட்டி மேல சாக்ஸ் எப்படிக் காயுது?"

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

இன்ஜினீயர் டேப்பைப் பிய்த்தார். பச்சை. அவர் அந்தப் பெட்டியை அணைத்ததும் மீட்டர் மளமளவென்று இறங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்து, தெரு நெடுக ஒவ்வொரு பெட்டியாகச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

"இந்தம்மா மாட்டின சமயத்துலதான் நீங்களும் பின்கூரையில புதுத் தகடு சேர்த்திருக்கீங்க. உங்க பெட்டி நிக்கக் கூடாதுன்னு வரம்பை ஏத்தி வெச்சுட்டீங்க. பழியைப் போட ஆள் தோதா கிடைச்சாங்க" என்றாள் அக்கா.

"மாட்ட வந்தவன்தான் ஏத்தி வெக்கலாம்னான்…" தலைவர் முனகினார். "சின்ன விஷயம். இதுக்குப் போய் இவ்வளவு…"

"சின்ன விஷயமா?" தம்பி பாய்ந்தான். "ஊரார் பெட்டியெல்லாம் வாயை மூடிட்டு நிக்க, நீங்க மட்டும் தள்ளிக்கிட்டே இருப்பீங்க. ஒரு மனுஷன் மூச்சு நின்னாலும் பரவாயில்ல. அப்படித்தானே?"

அக்கா இன்ஜினீயர் பக்கம் திரும்பினாள். "மூணு தடவை சொல்லியும் நீங்க வரல. இந்த மீட்டரைத் தூக்கிட்டு வர அவ்வளவு கஷ்டமா சார்?"

டீச்சர் தலைவர் எதிரில் போய் நின்றாள். "ஆஸ்பத்திரிக்கு வாங்க. எங்கப்பா முகத்தைப் பாத்து, சின்ன விஷயம்னு அங்க சொல்லுங்க." கை தூக்கிய மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

டீச்சர் தையல் கடைப் பெண்ணைப் பார்த்தாள்.

தையல் கடைப் பெண் தன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள். "எனக்கு உங்க மேல இருக்கற ஆத்திரம் இன்னும் அடங்கல டீச்சர். அடங்காது. ஏறுங்க, ஆஸ்பத்திரியில பார்வை நேரம் முடியப்போகுது."