அவசர வழியில் ஒரு பூட்டு

போன் அடித்தது.

தொழிலாளர் நலத்துறையின் ஹெல்ப்லைன் அறை. ஹெட்செட்டை மாட்டியிருந்த பெண், திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காலையில் பேசிய அதே எண்!

பேசியவன் ஒரு நூல் ஆலையில் பஞ்சு பேல் பொதிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டிரைவர். கழிவுப் பஞ்சு கிடங்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள், அதன் அவசர வழியை மேனேஜர் வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிகிறான், ஒரு பொறி போதும் என்று படபடத்திருந்தான். தட்டிக் கேட்டதற்கு, 'உன்னையும் பஞ்சோட பஞ்சா பேல் கட்டிடுவேன்' என்றானாம் மேனேஜர்.

பேர் வெளியே போகாது என்று அவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"சொல்லுங்கண்ணா..."

மறுமுனையில் வேறு குரல்.

"போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன். இந்த போன்லேருந்து கடைசியா உங்களுக்குத்தான் பேசியிருக்கு. இது எந்த ஆபீஸ்?"

"தொழிலாளர் ஹெல்ப்லைன் சார். அந்த அண்ணா எங்க?"



"செத்துட்டார்மா. பஞ்சு பேல் அவர் மேல விழுந்து நசுங்கிட்டார்."

அவள் கை தானாக ஹெட்செட்டைக் கழற்றியது.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்துவிட்டார். ஆலையில் பார்த்ததை, வாயில் எதையோ கடித்துவிட்டவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். அவர் போவதற்குள் தரையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்களாம். உடலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். முதலாளி கையில் மாலையோடு தயாராக நின்றாராம்.

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன் கீழ நின்னிருக்கான். அப்ப வண்டியை ஓட்டினது யாருன்னு கேட்டா, ஒருத்தரும் வாயைத் திறக்கலை. இவன் புகார் குடுத்தது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எங்க பெரிய அதிகாரிக்குத் தெரியும். புகார் குடுத்தவங்க பேரை அவர்கிட்ட மட்டும்தான் சொல்லணும். அது விதி."

"அவர் சொல்லியிருப்பாரா?"

"கேட்டுப் பார்க்கறேன் சார்."

இன்ஸ்பெக்டர் கிளம்பியதும் அதிகாரியின் அறைக்குள் போனாள். 'உங்கள் பாதுகாப்பே எங்கள் பெருமை' என்ற சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்து அவர் குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

சாவுச் செய்தியைக் கேட்டும் குச்சி நிற்கவில்லை.

விபத்தெல்லாம் நடப்பதுதான் என்றார். அடுத்த வாரம் அந்த ஆலைக்குப் பாதுகாப்பு விருது கொடுக்கப் போகிறார்கள், இந்த நேரத்தில் எதையும் கிளற வேண்டாம் என்றார்.

"சார், நம்ம பயிற்சி வகுப்புல படிச்சவர் அவர். ஆலையோட பாதுகாப்புக் குழுவுல இருந்தவர். கண்ணுல பட்டதைச் சொல்லுங்கன்னு நாமதான் சொல்லிக் குடுத்தோம்."

"அதாம்மா தப்பு. ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்துட்டோம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்து முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ அந்தச் சிரிப்பு போகவில்லை.

இருக்கைக்குத் திரும்பியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

எடுத்தாள். கேட்டாள். "சரி, விவரம் விசாரிச்சுச் சொல்றேன்" என்று வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

"சார், ஆலைக்குப் போங்க. மஃப்டியில போங்க. உள்ள இன்னொரு உயிருக்கு ஆபத்து வரப் போகுது."

"யாரு?"

"பேரைச் சொல்ல முடியாது சார். போயிட்டீங்கன்னா ஒரு மெசேஜ் போடுங்க."

மெசேஜ் வந்த பிறகுதான் மறுபடி அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், அதே ஆலையிலேருந்து ஒருத்தர் பேசினார். நடந்தது கொலை, கண்ணால பார்த்தேன், கோர்ட்டுல வந்து சொல்றேன்கறார்."

இப்போது குச்சி நின்றது.

"யாரும்மா அது?"

"மேனேஜர் சார். முதலாளியோட மச்சான்."

முதலாளி மனைவியின் தம்பி அவன். ஆலையில் அவனுக்குப் பெயரே மச்சான்தான். அதிகாரியின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் வடிந்தது. நல்ல வேலை செய்தாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவசரமாக அவளை வெளியே அனுப்பினார். கதவு சாத்தப்பட்டது.

ஆலை வாசலில் மஃப்டியில் நின்ற இன்ஸ்பெக்டர், கிடங்கிலிருந்து பெண்கள் கும்பலாக வெளியே வருவதைப் பார்த்தார். திடீரென்று டீ குடிக்க அனுப்பினார்களாம். என்றுமில்லாத கரிசனம் என்று ஒருத்தி சிரித்தாள்.

அடுத்த நிமிடம் கிடங்கின் கூரையிலிருந்து புகை கிளம்பியது!

இன்ஸ்பெக்டர் ஆட்களோடு ஓடினார். முன்கதவின் குறுக்கே ஒரு ஃபோர்க்லிஃப்ட் நிறுத்தப்பட்டிருந்தது. பின்பக்கம் சுற்றினார்கள். அவசர வழியில் தொங்கியது பூட்டு. உள்ளேயிருந்து யாரோ கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். இருமிக்கொண்டு, கரி அப்பிய முகத்தோடு மச்சான் வந்து விழுந்தான். வெளியே தொங்கிய பூட்டின் சாவி அவன் சட்டைப் பாக்கெட்டிலேயே இருந்தது.

கொஞ்சம் தள்ளி முதலாளி நின்றிருந்தார். இன்ஸ்பெக்டரைக் கண்டதும், பஞ்சு, தானாகவே பற்றிக்கொள்ளும் என்று ஆரம்பித்தார். மச்சான் உயிரோடு எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், போலீஸ் நிற்பதையும் மறந்து கத்தினார்.

"துரோகி. என்னைக் காட்டிக்குடுக்க ஹெல்ப்லைனுக்கா போன் பண்றே?"

"நானா? நான் எங்க பண்ணினேன்?" மச்சான் அழவே ஆரம்பித்துவிட்டான். "நீங்க சொன்னீங்கன்னுதானே மாமா அவன் மேல பேலைத் தள்ளிவிட்டேன்?"

இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் பேச்சிலும் குறுக்கிடவே இல்லை. பேச விட்டார்.

சாயங்காலத்துக்குள் முதலாளி, அதிகாரி, மச்சான் மூவரும் ஸ்டேஷன் பெஞ்சில். அதிகாரி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஹெல்ப்லைன் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மச்சான் உங்களுக்குப் போனே பண்ணலைன்னு தலையில அடிச்சுக்கிட்டு சொல்றான்மா."

"தெரியும் சார்."

"தெரியுமா? அப்ப அந்த போன்?"

"ஃபோர்க்லிஃப்ட் பயிற்சியில பொண்ணுங்களைச் சேர்ப்பீங்களான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தார்.

"மச்சான் பேரை ஒரே ஒரு காதுலதான் சார் போட்டேன். அது முதலாளி வாய் வழியா வெளிய வந்துடுச்சு."

"அவன் வெந்து போயிருந்தா?"

"நீங்க வாசல்ல இருந்தீங்க." அவள் குரல் இறங்கியது. "காலையில அந்த அண்ணாவுக்கு அப்படி யாரும் இல்லை சார்."

இன்ஸ்பெக்டர் அலுப்போடு எழுந்தார்.

"எல்லாத்தையும் கோர்ட்டுல சொல்றேன்கறான் மச்சான். ஆனா உயிருக்கு ஆபத்தாம். பாதுகாப்பு வேணுமாம். கொலைகாரப் பயலுக்கு என்னன்னு குடுக்கறது?"

அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"குடுங்க சார். சம்பளம் வாங்கிட்டுத்தானே கொலை பண்ணியிருக்கார்... அவரும் தொழிலாளிதான்."