கண்ணாடிக்கு உண்டு... மூக்குக்கு இல்லை!

"வீல்..!"

அலறியது கண்ணாடி காண்ட்ராக்டரின் மனைவி. பில்லைக் கொடுக்க வந்தவள், புதுச் செருப்புக்கடையின் தரையைப் பார்த்துவிட்டாள்.

அங்கே அவள் தம்பி மல்லாந்து கிடந்தான். மூக்கிலிருந்து ரத்தம். நெஞ்சின் மேல் செல்போன்... விடாமல் அடித்து, ஓய்ந்தது.

அவனுக்கு முன்னால், அன்று காலை பொருத்திய முன்பக்கக் கண்ணாடி. தரையிலிருந்து கூரை வரை. ஒரு கீறல் இல்லை!

ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்த காண்ட்ராக்டர் முதலில் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"அங்க என்னத்தைத் தடவறீங்க? இங்க என் தம்பி கிடக்கறான்!"

"ரெண்டையும்தான் பார்க்கறேன்..."

தம்பி முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். அதற்குள் கடை முதலாளி போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

ஜீப்பை முன்தெருவில் நிறுத்திவிட்டு, இன்ஸ்பெக்டர் அம்மா சந்தைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்தார்.

"புதுக் கண்ணாடின்னா சிவப்பு டேப்பை குறுக்கும் நெடுக்கும் ஒட்டுவீங்களே... எங்கே?"

"காலையில என் கையால ஒட்டினேன் மேடம்!"

"அப்ப யார் உரிச்சது?"

காண்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார்.

"இவரோட உங்களுக்கு ஏதாவது தகராறு?"

"சேச்சே! என் மச்சான் மேடம். தங்கமான பையன்!"

"காலையில மூக்கை உடைச்சிடுவேன்னு கத்தினீங்களே..?" என்றாள் மனைவி.

காண்ட்ராக்டர் அவளைப் பார்த்த பார்வையில் அந்தக் கண்ணாடியே விரிசல் விட்டிருக்க வேண்டும்.

மச்சான் கர்ச்சீப்புக்குள்ளிருந்து பேசினான்.

"நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மேடம். கண்ணாடி உடைஞ்சா ஒரு பாலிசி. வெளியாளுக்கு அடிபட்டா மூணாம் மனுஷன் பாலிசி. ரெண்டும் எடுங்கன்னேன். மாமா கண்ணாடிக்கு மட்டும் போதும்னுட்டார்!"

"கண்ணாடிதானே மேடம் உடையும்? அதுல போய் எவன் முட்டுவான்?"

எல்லோரும் மச்சானின் மூக்கைப் பார்த்தார்கள்.

"இன்னொரு வாட்டி மூணாம் மனுஷன்னு வாயைத் திறந்தே, மூக்கை உடைச்சிடுவேன்னார். உடைச்சிட்டார்!"

"நான் எங்கடா உடைச்சேன்?"

இன்ஸ்பெக்டர் லத்தியை ஆட்டினார். "டேப்பை உரிச்சிட்டு, முட்டட்டும்னு ஏணி மேல காத்திருந்திருக்கீங்க. ஏறுங்க ஜீப்புல!"

"நீங்க ஜீப்புல ஏறினா, என்னோட மீதி நாலு கடை வேலையும் வேற ஆளுக்குத்தான்!" என்றார் கடை முதலாளி.

காண்ட்ராக்டர் ஓடிப்போய் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். வருஷம் பூராவுக்கும் அந்த நாலு கடைதான் சோறு!

"ஏங்க... நிஜமாவே நீங்கதானா?"

"நான் கண்ணாடிக்காரன்டி! கொலைகாரன் இல்ல!"

மறுபடி செல்போன் அடித்தது. மச்சான் பதறிப் பாய்ந்தான். இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டு ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சார், இன்சூரன்ஸ் ஆபீஸ்லேருந்து பேசறோம். கண்ணாடி பாலிசிக்கு நீங்க உள்ளேருந்து எடுத்த போட்டோ வந்துச்சு. டேப்பை உரிச்சிட்டு எடுத்தீங்களா? பளிச்சுன்னு இருக்கு! வெளியே போய் நின்னு இன்னொண்ணு எடுத்து அனுப்புங்க!"

இன்ஸ்பெக்டர் மச்சான் பக்கம் திரும்பினார்.

"சட்டைப்பையில என்ன?"

வந்தது. சிவப்பு டேப். உருண்டையாக!

"டேய்..!" அக்காவின் கை ஓங்கியது.

"போனைப் பார்த்துக்கிட்டே வெளியே நடந்தேன்க்கா... முன்னாடி கண்ணாடி இருக்குங்கறதே மறந்துபோச்சு..."

"நீ உரிச்சதை மாமா தலையில கட்டப் பார்த்தியா?"

"இப்பவாவது அந்தப் பாலிசியோட அருமை மாமாவுக்குப் புரியட்டும்னுதான்..."

கடை முதலாளி அசடு வழிந்தார். காண்ட்ராக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் சீறினார். "இவ்ளோ பெரிய கண்ணாடி! சுவர் மாதிரி நிக்குது! தெரியலையாம்! மூஞ்சியில கண்ணுன்னு ரெண்டு எதுக்கு இருக்கு?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். விறைப்பாகத் திரும்பினார். எதிரே தெருவில் நின்ற ஜீப்பை நோக்கி நேராக நடந்தார்.

ணங்..!

தொப்பி உருண்டு வந்து காண்ட்ராக்டரின் காலடியில் நின்றது.

அவர் மெல்ல மச்சானின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள... பேனா இருக்கா?"

"இருக்கு மாமா. ஆனா பாலிசி நாளையிலேருந்துதான் செல்லும். மூக்கு நாளைக்கு உடைஞ்சதுன்னு எழுதிக் கொடுப்பாங்களான்னு... மேடத்தைக் கேட்டுப் பாருங்களேன்!"