முன்னால் தாங்காது

மலையிறக்கத்தின் முதல் வளைவில் பிரேக்கை மிதித்ததும் கார் வேண்டியதற்கு மேல் தலை தாழ்த்தியது. ஓட்டிவந்த ரோடு கான்ட்ராக்டர் பஞ்சாட்சரத்தின் முன்னால் தலை தாழ்வது புதிதல்ல. ஆனால் தாழ்ந்த இடப்பக்கம் நிமிரவே இல்லை. ஒவ்வொரு குழிக்கும் அடித்தட்டு கல்லில் உரசி முனகியது. அவர் போட்ட ரோடு என்பதால் குழிகளுக்குப் பஞ்சமில்லை.

"சின்னராசு, இன்னாடா முன்னாடி இப்பிடி அமுங்குது?"

"நீங்கதானேங்க சொன்னீங்க, ஸ்பிரிங் வீக்குன்னு" என்றார் பின்சீட்டிலிருந்த கணக்கர்.

"அது சும்மா சொன்னதுடா!"

காலையில்தான் மலைமேல் ஊரில், ரோடு திறப்பு மேடையில் முழங்கியிருந்தார்: "இந்த ரோடு உங்க ரோடு! என் வண்டி உங்க வண்டி!" கைத்தட்டல் ஓய்ந்ததும் லட்சுமணன் என்பவன், வலியெடுத்த நிறைமாத மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றான். கீழே ஒடுகத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி கேட்டான். பஞ்சாட்சரத்துக்கு விருந்து காத்திருந்தது. முன்சீட்டில் மாலைகள் வேறு. "முன்னாடி ஸ்பிரிங் வீக்குய்யா. இன்னொரு ஆளத் தாங்காது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சாயங்காலம் புறப்படும்போது ஊருக்குள் மேளம் கேட்டது. தமக்குத்தான் வழியனுப்பு என்று எண்ணி, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி இருவரும் இறங்கினார்கள். மேகம் ரோட்டில் தவழ்ந்தது. மோட்டார் சமாச்சாரத்தில் தமக்குத் தெரியாதது இல்லை என்ற நடையோடு, பஞ்சாட்சரம் வலப்பக்க மட்கார்டை அமுக்கி விட்டார். ஒருமுறை எழும்பி அடங்கியது. நல்ல ஸ்பிரிங்.

இடப்பக்கம் போனார். அமுக்கினார். கையை எடுத்தார்.

எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது. தாழ்ந்தது.

அடங்கவில்லை. மூச்சைப் பிடித்து யாரோ முக்குவதுபோல், விட்டு விட்டு. மல்லிகை வாசனைக்கு அடியில் ரத்தக் கவிச்சி.

"சின்னராசு... அங்க கேட்டுச்சே, அது இன்னா மேளம்?"

"சாவு மேளங்க, அந்த லட்சுமணன் வூட்ல. நீங்க கும்பிட்டீங்க. நான் இன்னாத்த சொல்றது?"

வண்டி கடைசியாக ஒருமுறை அமுங்கியது. நின்றது.

கண்ணாடி வழியே பார்த்தார். முன்சீட்டில் மாலைகள் நசுங்கிக் கிடந்தன. அவற்றின் மேல் யாருமில்லை. மெத்தை மட்டும் ஆழமாகக் குழிந்திருந்தது.

பக்கத்தில் ரெக்சின் மெல்லச் சுருங்கியது.

இன்னொரு குழி. சின்னது. ஒரு கையகலம்.

ஸ்டீரிங்குக்கு நேராக, பஞ்சாட்சரம் உட்காரும் இடத்தில்.