தெற்குத் தெருவின் குடிமதிப்பு

1991 பிப்ரவரி. வத்திராயிருப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையைப் பார்த்து நாலு மைல் மண்பாதையில் நடந்தால் கல்லோடைப்பட்டி. தொடக்கப்பள்ளி ஆசிரியை பரிபூரணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் குடிமதிப்பு எழுத அங்கே போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. துணைக்கு வந்தவர் அந்தப் பக்கத்துத் தலையாரி கருத்தப்பாண்டி.

ஊரை ஒரு ஓடை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. வடக்குத் தெருவில் நாலு வீடு, பதினோரு பேர். மற்றவர்கள் ராஜபாளையம் மில்களுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எழுத்து வேலை முடிந்தது.

"தெக்குத் தெருவு?" என்று ஓடைக்கு அந்தப் புறம் கையைக் காட்டினாள்.

"அங்க ஈ காக்கா கிடையாது டீச்சர். நாப்பது வருசத்துக்கு முந்தி மலையில அடச்சுப் பெஞ்ச மழை, தெருவையே வழிச்சுட்டுப் போயிட்டு. அன்னைக்குக் கிளம்ப ஆரம்பிச்ச சனந்தான், இன்னும் கிளம்பிக்கிட்டே இருக்கு."

தண்ணீர் கேட்டு அவர் கடைசி வீட்டுச் சீனியம்மாளிடம் போனார். பரிபூரணம் தனியே நின்றாள். மலை நிழல் அதற்குள் ஊர்மேல் இறங்கத் தொடங்கியிருந்தது.

தெற்கே உலக்கைச் சத்தம் கேட்டது.

ணங்... ணங்... கூடவே நெல் அவிக்கிற வாசம்.

ஒரு தலைகூட விடுபடக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தலையாரிக்கு நடக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு, ஓடையின் காய்ந்த மணலில் இறங்கினாள். அக்கரையில் கால் வைத்ததும் உலக்கைச் சத்தம் நின்றது.

பறவைச் சத்தமும் நின்றது.

முதல் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. சேறும் பாசியும் கலந்த வாடை.

"வீட்ல யாரு?"

"வாங்க டீச்சர். எழுதிக்கிடுங்க." காத்திருந்து அலுத்த ஒரு பெண் குரல்.

சமுத்திரம். அவர் மனைவி வெள்ளத்தாய். பிள்ளைகள் ஐந்து. அவள் சொல்லச் சொல்லப் பரிபூரணம் பேரும் வயதும் எழுதினாள்.

"செத்த வெளிய வாங்கம்மா."

"வர ஏலாது டீச்சர். எல்லாரும் ஈரத்துணியோட நிக்கோம்."

ஏழு பேருமா?

கதவுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"போன தடவ எழுத வந்தவிய எங்கள விட்டுட்டாவ. நீங்களும் விட்டுறாதிய."

யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கருத்தப்பாண்டி.

"யாருகிட்ட டீச்சர் பேசுதிய?"

திரும்பிப் பார்த்தாள். கதவு இல்லை. கூரை இல்லை. இடுப்பளவு மண்சுவர், உள்ளே ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேலம்.

படிவத்தை நீட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எங்க தாய்மாமா வீடு இது. ஏழு பேரையும் ஓடை கொண்டு போயிட்டு. ஒரு பிணங்கூடக் கெடைக்கல." படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நான் உங்ககிட்ட இவிய பேரு எதுவும் சொல்லலியே டீச்சர்."

வீட்டுக்கு வந்ததும் ஏழு பேரையும் கோடு போட்டு அடித்தாள். கையைப் பிடித்துக் கெஞ்சுகிறவர்களை உதறித் தள்ளுவதுபோல இருந்தது. கடைசிப் பேர் ஐந்து வயசுக் குழந்தையுடையது. அதை அடிக்க மட்டும் வெகுநேரம் ஆனது.

மார்ச் முதல் தேதி, திருத்தம் எழுத மறுபடி போக வேண்டியிருந்தது. தெற்கே திரும்பாமலே வீடு வீடாகக் கேட்டாள். கடைசியில் சீனியம்மாள் வீடு. பட்டப்பகலில் சாத்தி வைத்திருந்த கதவைத் தட்டியதும் திறந்தாள்.

"நான் வந்துட்டுப் போன பொறவு, ஊர்ல பொறப்பு எறப்பு ஏதும் உண்டாம்மா?"

"எறப்பு இல்ல டீச்சர்."

"பொறப்பு?"

சீனியம்மாள் ஓடைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தாள்.

"இந்தக் கரையில இல்ல. மூணு நாளா தெக்க பச்சப்பிள்ள அழுவுது."

பரிபூரணத்தின் பேனா நின்றது. காய்ந்த ஓடைக்கு அந்தப் புறமிருந்து அந்த அழுகை அவளுக்கும் கேட்டது. யாரோ அதைத் தட்டித் தட்டித் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.