மக்குக்கு வந்த கோபம்

"அதை வெட்டாதீங்க... வெட்டினா போச்சு!"

காதோரம் திடீரென்று ஒரு குரல். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. முன்னால் உட்கார வேண்டிய அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். பின்கட்டுப் பட்டறையில் கண்ணாடி தேய்க்கிற அவள், அவன் வரும்வரை கடையைப் பார்த்துக்கொண்டு, போனில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தாள். எவன் இவன், கூப்பிடாமல் வந்து தலையை நீட்டுவது?

நிமிர்ந்தாள். தொப்பலாக நனைந்த ஒருவன். கையில், ஒரு காது ஒடிந்துபோன கண்ணாடி. அது இல்லாமல் கண் தெரியவில்லை போலிருக்கிறது, போன் திரையை மோந்து பார்ப்பதுபோலக் குனிந்திருந்தான்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல... குதிரையை வெட்டினா, அது ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிடும். அதான்..."

"எனக்கு ஆடத் தெரியும். ரிப்பேர்னா அப்படி உட்காருங்க."

சொல்லிவிட்டு, வேண்டுமென்றே குதிரையை வெட்டினாள். மறுவிநாடி ஓரத்துச் சிப்பாய் நகர்ந்தது. அடுத்த ஐந்து நகர்த்தலில் அவளுடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. ஆட்டம் முடிந்தது.

தோற்றதுகூடப் பெரிதில்லை. அந்தச் சிப்பாயைத் தள்ளுவது அவளுடைய பழக்கம்! கோபம் வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஓரத்துச் சிப்பாயை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போகிறவள் அவள்தான். ஆறு மாதமாக இந்த மெஷினோடு ஆடுகிறாள். 'மக்கு' என்று அதற்குப் பெயர். தானாகவே ஆடிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் புரோகிராமாம். யாரோ ஒருவன் பொழுது போகாமல் எழுதி, யார் வேண்டுமானாலும் வந்து சும்மா ஒரு ஆட்டம் போடலாம் என்று இணையத்தில் திறந்து விட்டிருந்தான். பேருக்கேற்ற மக்கு அது. அழகாக ஆரம்பிக்கும். ஒரு ராணி அளவுக்கு முன்னால் போய்விடும். ஆனால் ஜெயித்த ஆட்டத்தை முடிக்கத் தெரியாது... ராஜாவை இந்தப் பக்கம் ஒரு கட்டம், அந்தப் பக்கம் ஒரு கட்டம் என்று உலாத்த விட்டு, கடைசியில் டிரா செய்துவிடும். அப்படிப்பட்டது, போன வாரத்திலிருந்து அவளைப்போலவே பாய்ந்து பாய்ந்து முடிக்கிறது.

"திருட்டு மெஷின்!" என்றாள் வாய்விட்டு.

"திருடலை... கத்துக்கிச்சு." அவன் தயங்கினான். "அது என்னோட மக்குங்க. நான்தான் எழுதினேன்."

அப்புறம்தான் திரையின் மூலையில் இருந்த அவளுடைய புனைபெயரை, கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தான். வாயைப் பிளந்தான்.

"சிடுமூஞ்சி... நீங்களா? ஐயோ, நான் யாரோ ரிட்டயரான மிலிட்டரி தாத்தான்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்!"

என்ன ஒரு பாராட்டு! அவள் பல்லைக் கடித்தாள். அவனோ, பல நாள் தேடிய உறவுக்காரரைக் கண்டுபிடித்ததுபோலப் பேசிக்கொண்டே போனான். தனக்குத்தானே லட்சம் ஆட்டம் ஆடியும் மக்குக்கு முடிக்க மட்டும் வரவில்லையாம். சரி, மனிதர்கள் அதோடு ஆடிய ஆட்டங்களையும் கொடுத்துப் பார்ப்போம் என்று சேர்த்து வைத்ததை மொத்தமாக ஊட்டிவிட்டானாம்.

"யாரோடது எத்தனைன்னு எண்ணிப் பார்க்காம போட்டுட்டேன். அப்புறம் பார்த்தா முக்கால்வாசி உங்களோடது! முந்நூத்தி எழுபது ஆட்டம். மத்தவங்க யாரும் பத்து ஆட்டத்துக்கு மேல தாங்கலை. அதான்... மக்குக்கு உங்க கோபம் வந்துடுச்சு."

"அப்போ, நான் ஆடினதையெல்லாம் பார்த்தீங்களா?"

"ஒண்ணு விடாம." பெருமையாக வேறு சொன்னான், அறிவுகெட்டவன். "செவ்வாய்க்கிழமைன்னா கொஞ்சம் ஜாஸ்தி காரமா ஆடுவீங்க..."

செவ்வாய்க்கிழமை, அண்ணன் பட்டறைக்குள் வந்து அவள் தேய்த்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக் குறை சொல்லும் நாள். அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. யாருக்கும் பதில் சொல்லாமல் அவள் கோபப்படக்கூடிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அங்கேயும் ஒருவன் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்!

"கேட்காம பார்க்கறதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"பக்கத்துக்குக் கீழே போட்டிருந்தேனே... ஆட்டங்களைச் சேமிப்போம்னு... சின்ன எழுத்துல..."

"சின்ன எழுத்தா? கண்ணாடிக் கடையில வந்து நின்னுக்கிட்டு சின்ன எழுத்தைப் பத்திப் பேசறீங்களா? உட்காருங்க சார். அளவெடுக்கணும்."

புது ஃபிரேமுக்குக் கண்மணிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். குட்டி ஸ்கேலை அவன் மூக்கின்மேல் வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பழகிய கண்கள், அது இல்லாதபோது கூச்சத்தில் அங்கும் இங்கும் ஓடும். தினமும் பார்க்கிறாள். இந்தக் கண்கள் ஓடவில்லை. அவளுடைய முகம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் அதைவிட்டு நகராமல், மழையில் கழுவின மாதிரி அப்படியே நின்றன...

"ஆடாதீங்க."

"நான் ஆடலைங்க... உங்க கைதான்..."

"பேசாதீங்க!"

இரண்டு தடவை அளக்க வேண்டியிருந்தது. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் குடையை உதறிக்கொண்டு அண்ணன் வந்தான். கண்ணாடிக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். உற்சாகத்தில் எல்லாவற்றையும் அண்ணனிடம் ஒப்பித்தான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவ ஆட்டத்தையா சார் கத்துக் கொடுத்தீங்க? ஆறு வருஷம் முன்னாடி எங்க கிளப் டீமுக்கு நான்தான் கேப்டன். ஃபைனல்ல, இருநூறு பேர் பார்க்கப் போர்டைத் தூக்கிக் கவிழ்த்துட்டா! அன்னியோட டீம்லேர்ந்து பேரை எடுத்துட்டேன். பார்த்துக்குங்க, உங்க மெஷினும் ஒரு நாள் கம்ப்யூட்டரைக் கவிழ்த்துடப் போகுது!"

அவனும் சிரித்தான். மரியாதைக்குத்தான். என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு. ஆனால் சிரித்தான்...

அவளுக்கு அது பொறுக்கவில்லை.

"என் ஆட்டத்தையெல்லாம் அழிச்சுடுங்க. ஒண்ணுகூட இருக்கக்கூடாது. மக்கு கத்துக்கிட்டதையும் சேர்த்து."

அவன் சிரிப்பு நின்றது. "சனிக்கிழமை மக்குக்கு முதல் போட்டி... இந்த மாதிரி வீட்டுல எழுதின மெஷின்களுக்குள்ள..."

"அதெல்லாம் என் ஆட்டம். உங்களோடது இல்ல."

அவன் அவளையே பார்த்தான். "சரி," என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கெஞ்சவில்லை. கண்ணாடி எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று நாள் அவள் மக்கின் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, மனசு கேட்கவில்லை. திறந்து ஒரு ஆட்டம் போட்டாள். மக்கு ஒரு ராணி முன்னால் போனது. அப்புறம்... ராஜாவை இந்தப் பக்கம் ஒரு கட்டம். அந்தப் பக்கம் ஒரு கட்டம்.

"முடியேன்! முடிச்சுத் தொலையேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். பட்டறைக்குள் தேய்க்கும் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அது டிரா செய்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் இருந்த கண்ணாடியைத் தேவைக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினாள்.

சனிக்கிழமை முடிவைப் பார்க்கக்கூடாது என்றிருந்தாள். பார்த்தாள். ஒன்பது ஆட்டத்தில் மக்கு கடைசி இடம். ஆறு ஆட்டத்தில் கைக்கு வந்த வெற்றியை உலாத்தியே தொலைத்திருந்தது. போன வாரம் நன்றாக ஆடியதே, என்ன ஆயிற்று என்று கீழே ஆளாளுக்குக் கேலி. எல்லோருக்கும் சேர்த்து அவன் இரண்டே வரி எழுதியிருந்தான்: 'சில ஆட்டங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவை என்னுடையவை அல்ல.'

அவ்வளவுதான். அவள் பெயர் இல்லை. குறை இல்லை. அவளுக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஆள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்?

திங்கட்கிழமை மதியம் அவன் கண்ணாடி வாங்க வந்தான். மூக்கில், பவர் பத்தாத ஏதோ ஒரு பழைய கண்ணாடி. அண்ணன் முன்னால் இருந்தான். அவள் பட்டறையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்த வேகத்தில் திரைச்சீலை கம்பியோடு ஆடியது.

"உங்களை யாரு அழிக்கச் சொன்னது?"

அவன் விழித்தான். "...நீங்கதான்."

"கோபத்துல நான் ஆயிரம் சொல்வேன்! அப்படியே செஞ்சுடுவீங்களா? ஒரு காப்பிகூடவா எடுத்து வச்சுக்கலை?"

"உங்களோடதை நான் எப்படி வச்சுக்கறது?"

"ஏய், கஸ்டமர்கிட்ட என்ன சத்தம்?" என்று எழுந்தான் அண்ணன். "சாரி சார், இவ எப்பவும் இப்படித்தான்..."

"நீ பேசாதே அண்ணா." அவள் திரும்பினாள். "போர்டைக் கவிழ்த்தேன்னு ஊரெல்லாம் சொல்றியே, ஏன் கவிழ்த்தேன்னு ஒரு நாளாவது சொன்னியா? எதிராளி யானையைத் தொட்டான். தொட்ட காயைத்தான் நகர்த்தணும். தொடவே இல்லைன்னு பொய் சொன்னான். நீ என் பின்னாலதான் நின்னே. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். கண்டுக்காம ஆடுன்னே!"

எழுந்த அண்ணன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"அவங்க பெரிய கிளப்பு... பகைச்சுக்க வேணாமேன்னு..." என்றான் அண்ணன்.

"அதனால என்னைப் பகைச்சுக்கிட்டே."

அண்ணன் மேஜைமேல் இருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். "தொட்டான்," என்றான் கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் பார்த்தேன்." அப்புறம், காபி குடித்துவிட்டு வருவதாக முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஆறு வருஷம் காத்திருந்த வார்த்தை. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நானும் சிரிச்சுட்டேன்," என்றான் அவன். "ஆட்டத்தை அழிச்சதுக்கு வருத்தமில்லை. சிரிச்சதுக்குத்தான்... அன்னிலேர்ந்து சாப்பாடு இறங்கலை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா... எப்படின்னா... அதாவது..."

"சொல்லித் தொலைங்களேன்!"

"ஆறு மாசமா மதியம் ஒரு மணிக்கு நான் எந்த வேலையும் செய்யறதில்லை. சிடுமூஞ்சி வருதான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். நடுவுல பதினோரு நாள் நீங்க வரலை..."

"காய்ச்சல்."

"எனக்கு அது தெரியாதே! மிலிட்டரி தாத்தா போய்ச் சேர்ந்துட்டார்னு நினைச்சு அழுதுட்டேங்க."

சிரிப்பு வந்தது. அடக்கினாள். கோபத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பதா? எழுந்து, அவன் மூக்கிலிருந்த பழசைக் கழற்றிவிட்டு, புதுக் கண்ணாடியை மாட்டினாள். காதுக்குப் பின்னால் சரியாக உட்காருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். அவன் மூச்சு விடாமல் நின்றான்.

"தெளிவா தெரியுதா?"

"தெரியுது... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. தாத்தாவா இருந்தப்பவே பிடிச்சது. இப்போ... ரொம்ப. இன்னும் கோபமா இருக்கீங்களா?"

"இருக்கேன். நாளைக்கு ஒரு மணிக்கு வாங்க. போர்டு நான் எடுத்துட்டு வர்றேன். மெஷினெல்லாம் வேணாம், நீங்க எதிர்ல உட்காரணும்."

"நான் மக்கைவிட மோசமா ஆடுவேனே..."

"தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான் கோபம்." அவளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "இத்தனை வருஷத்துல என் ஆட்டத்தை ஒண்ணு விடாம பார்த்த ஒரே ஆளு நீங்க. நான் கேட்டேன்னு அத்தனையையும் தூக்கிக் கொடுத்துட்டு, கடைசி இடத்துல தோத்துட்டு வந்து, வருத்தமில்லைன்னு சொல்றீங்க. கோபம் வராம என்ன வரும்? எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு... போதுமா?"