பட்டத்து யானை மிதிக்க மறுத்த மண்

வாசகப் பெருமக்களே, குலதெய்வத்தின்மேல் ஆணையிட்டுச் சொல்லுகிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நிலவை மட்டும் சற்றுப் பெரிதாகச் சொல்லியிருப்பேன். அன்று அது மெய்யாகவே பெரிதாக இருந்தது.

கருமணல் ஆற்றுக்கு மேலே, புதிதாகத் துலக்கிய வெண்கலத் தாம்பாளம்போல் முழுமதி எழுந்து, வெண்கூடல் கோட்டையின் மதில்களுக்கெல்லாம் பால்வண்ணம் பூசிக்கொண்டிருந்தது. எதிரே மருதந்தோப்பில் விடங்கராயரின் பாசறைத் தீ மினுங்கியது. படையோடு வந்திறங்கிய அந்த மனிதர் இதுவரை ஓர் அம்புகூட எய்யவில்லை. சும்மா இருக்கும் பகைவனை எப்படி நம்புவது? கோட்டைக்குள் சந்தேகம் விஷக் காய்ச்சல்போல் பரவி, சமையற்காரர் தாம் வைத்த குழம்பைத் தாமே ருசிபார்க்க அஞ்சும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பட்டத்து யானை மேகநாதம் மிரண்டது. யானை ஆற்றில் குளிக்கப் போகும்போது இரு தரப்பாரும் வில்லைக் கீழே வைப்பது அக்காலத்துப் போர் மரியாதை. காலையில் வாசலைக் கடந்து சமர்த்தாகப் போகும் யானை, மாலையில் திரும்பும்போது வாசற்காவலன் எயினனுக்கு எதிரே நின்று, பிளிறிப் பின்வாங்கியது. திருஷ்டி கழித்தார்கள், பாகனை மாற்றினார்கள், பேதி மருந்தும் கொடுத்தார்கள். அதன் விளைவை வருணிக்க இது இடமன்று.

கோட்டைத் தலைவர் கண்டன் மழவராயர் மீசையை நீவியபடி முடிவுக்கு வந்தார். வாரிசற்ற நாட்டில் மாலையிட்டு மன்னனைத் தேர்ந்தெடுப்பது பட்டத்து யானை. அப்பேர்ப்பட்ட யானைக்குத் துரோகியைத் தெரியாதா? நிலவு உச்சிக்கு வரும்போது எயினனின் தலை உருள வேண்டும் என்று ஆணை பிறந்தது.

எயினனைச் சங்கிலியில் பிணைத்து, வேறொருவனை வாசலில் நிறுத்தினார்கள். யானை அப்போதும் நின்றது. மழவராயர் அவனையும் பிணைத்தார். மூன்றாமவனுக்கும் அதே கதி. அதற்குப்பின் அங்கே நிற்க ஒருவரும் முன்வரவில்லை.

அப்போது யானைக்குப் பூமாலை கொண்டுவரும் கொற்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் கண்கள் எயினனின் சங்கிலியில் ஒருகணம் தங்கி மீண்டன.

"தலைவரே, யானை யாரைக் கண்டு நின்றது என்றே கேட்கிறீர்கள். எதை மிதிக்க மறுக்கிறது என்று கேட்கவில்லையே?"

"பூக்காரிக்கு இதில் என்ன அக்கறை?"

"காலையில் இதே எயினரைக் கடந்துதானே போகிறது? அதன் கண்ணை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். யானை முன்காலை மண்ணில் மெல்ல வைத்து, சுடுமணலைத் தொட்டதுபோல் எடுத்துக்கொண்டது. கொற்றி, பூ நனைக்கும் நீர்ப்பாத்திரத்தை அங்கே தரையில் வைத்தாள். பாத்திரத்துக்குள் நிலவு வந்து அமர்ந்தது. கொடித்துணி அசையாத அந்த வேளையில் நீருக்குள் நிலவு நடுங்கியது, அடங்கியது, மறுபடி நடுங்கியது. காலையில் ஓய்ந்து மாலையில் தொடங்கி, காலடியில் எவரோ மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

உடனே அந்த இடத்தைத் தோண்டி, திறந்த சுரங்கத்தில் அகழிநீரைப் பாய்ச்சினார்கள். சற்றைக்கெல்லாம் மருதந்தோப்பின் நடுவிலிருந்து நனைந்த மனிதர்கள் ஈசல்போல் கிளம்பினார்கள்.

மழவராயர் நன்றி சொல்லவில்லை. "இந்த வித்தை பூக்கட்டுகிறவளுக்கு ஏது? நீ யார்?" என்றார்.

கொற்றி இடுப்பிலிருந்து முத்திரை மோதிரத்தை எடுத்து விரலில் அணிந்துகொண்டாள். "விடங்கராயரின் மகள். உங்கள் காவலை உளவறிந்துவர அனுப்பினார். எங்கள் பாசறையில் எதிரியின் சுரங்கத்துக்கு இப்படித்தான் நீர் வைத்துப் பார்ப்பார்கள். அவர் தோண்டுவதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. என் தந்தை என்னையும் நம்புவதில்லை."

"அப்படியானால் நாள்தோறும் நீ என்னிடம் பேசியது?" என்றான் எயினன்.

"முதல் இரண்டு நாள் வேவு. அப்புறம் பேச்சு."

பிறகு அவள் வாசற்படியில் நின்று, எயினன் காவல் நிற்கும்வரை தன் தந்தையின் படை இவ்வாசலை மிதிக்காது, மிதிப்பதானால் முதலில் தன்னை மிதிக்கட்டும் என்று சூளுரைத்தாள். மழவராயர் அதையும் நம்பவில்லை. அவளை அங்கேயே நிற்கவைத்து யானையை ஏவச் சொன்னார். மேகநாதம், ஆட்கள் தோண்டிய குழியை ஒதுக்கி, ஓரத்து மண்ணைத் தடவிப் பார்த்தது. தயங்காமல் நடந்து வந்தது. அவள் கூடையிலிருந்து ஒரு மாலையை எடுத்து எயினன் கழுத்தில் போட்டது. மீதியைத் தின்றது.

யானையின் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பேது? மழவராயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சங்கிலிகளைக் கழற்றச் சொன்னார்.

ஐயமுள்ளவர்கள் வெண்கூடலுக்கு நேரில் போய்ப் பார்க்கலாம். கோட்டையும் அதன் ஒரே வாசலும் கட்டியபடியே இருக்கின்றன. அந்த வாசலுக்குள் ஓர் ஆடு போவதானாலும் தலையைக் குனிய வேண்டும்.